மதலேனக்காவின் கிணற்றை உப்பாக்கியவன் எழுதுவது

மதலேனக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கல்பிட்டிச் சந்தி சலூன் கதிரையில் பாதிச் சவரத்தில் இருந்தேன். இடது கன்னம் முடிந்திருந்தது. வலது கன்னத்தில் நுரை. போன் அடித்தது. எடுத்தால் அவருடைய மகள் றெஜினா. "சூசை மாமா, அம்மா விடியக்கால செபமாலை சொல்லிக்கொண்டிருக்கேக்கயே கண்ணை மூடிட்டா" என்றாள்.  கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஒரு கன்னம் பளிங்கு, மறு கன்னம் பற்றைக்காடு. வழியில் என்னைக் கண்ட ஊர்ச் சனம் சூசைக்குப் பைத்தியம் என்று நினைத்திருக்கும். அது அவர்களுக்குப் புதிய கருத்து அல்ல என்பதால் யாரும் மறிக்கவில்லை.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டத்தில் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. நான் செய்த ஒரு வேலைக்கு வானத்தின் கீழ் ஒரேயொரு சாட்சிதான் இருந்தார். அவரும் போய்விட்டார். இனி யாருக்கும் தெரியாது. இந்த நிம்மதி சரியாக ஒரு மைல் தூரம் நீடித்தது. இரண்டாவது மைலில் வேறொன்று புரிந்தது. யாருக்கும் தெரியாது என்றால், அவர் பெயரில் நான் பூச விட்ட கறையும் இனி என்றைக்கும் போகாது. மூன்றாவது மைலில் நான் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு வெங்காயத் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெங்காயம்தான் காரணம் என்று தோட்டக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து இந்த நினைவு மடலைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப்பேருக்கு மதலேனக்காவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவர் கிணற்றுத் தண்ணீர் இன்னும் உங்கள் எலும்பில் ஓடுகிறது. ஆனால் நீர்கொழும்பிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். புருஷன் இளவயதிலேயே காய்ச்சலில் போய், கருவாடு காயவிட்டுப் பிழைத்த மனுஷி. தகரம் போட்ட ஒன்றரை அறை வீடு. அந்த அரை அறை எங்கே தொடங்குகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய ஆஸ்தி என்று சொல்ல, கோயில் வளவுக்குப் பக்கத்தில் நாலு தென்னை, ஒரு கிணறு. அந்தக் கிணறு மட்டும் இராச்சியம். சிலாபத்திலிருந்து மன்னார் வரைக்கும் அப்படி ஒரு தண்ணீர் கிடையாது. அதில் தேத்தண்ணீர் போட்டால் சீனி போடத் தேவையில்லை. பக்கத்து வீட்டுத் தேத்தண்ணீரும் இனிக்கும்.

எங்கள் தீபகற்பத்துக் கிணறுகளின் சங்கதி உங்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் மணல். அந்த மணலுக்கு அடியில், உப்புத் தண்ணீருக்கு மேலே, நல்ல தண்ணீர் பாலாடை மாதிரி மிதக்கிறது. வாளியால் மெல்ல மெல்ல அள்ளினால் ஊர் முழுக்க அள்ளலாம், மறுநாள் மணல் திருப்பித் தரும். மோட்டர் வைத்து ஒரே மூச்சில் உறிஞ்சினால் பாலாடை கிழிந்து, அடியில் கிடக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஏறினது இறங்க மாதக்கணக்காகும். சிலவேளை இறங்கவே இறங்காது. ஆகவே மதலேனக்காவின் சட்டம் ஒன்றே ஒன்று. ஆரும் வரலாம், எவ்வளவும் அள்ளலாம், வாளியால் மட்டும். படலைக்குப் பூட்டு இல்லை. கப்பியில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு வாளி.

ஹோட்டல் கட்ட வந்த ஒரு துரை ஒருமுறை அந்தக் கிணற்றுக்கு மோட்டர் பூட்டக் கேட்டு வந்தார். அக்காவின் தகரக் கூரையை மாற்றி ஓடு போட்டுத் தருவதாகச் சொன்னார். கடலுக்குப் போகாத நாட்களில் ஊருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் அவர் ஒரு வசனம் சொன்னால் நான் தமிழில் ஏழு வசனம் சொன்னேன், கூரை எனக்கும் பிடித்திருந்தது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "கிணறு என்ட இல்லையே தம்பி. கிணறு ஆண்டவர்ர. நான் கயிறுதான் வச்சிருக்கிறன். கயிறு வேணுமெண்டால் கேக்கச் சொல்லு." இதை நான் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? கயிறு விற்பனைக்கு உண்டு என்று சொல்லிவிட்டேன். துரை குழம்பிப் போய்ப் போனவர், திரும்பி வரவில்லை.

சாந்த சொரூபி என்று யாரும் நினைக்க வேண்டாம். கிணற்றடியில் ஒருவர் மோட்டார் சைக்கிள் கழுவினதைக் கண்டு, "மோட்டச்சைக்கிளுக்குத் தாகமெடுக்குமெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டு, பாதி சோப்போடு அந்த ஆளைத் தெருவுக்கு அனுப்பியவர். அந்த ஆள் நான்தான். இந்த மடலில் வருகிற எல்லாக் குற்றவாளிகளும் நான்தான், நேரம் மிச்சப்படுத்த இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விடிந்ததும் அவர் அள்ளுகிற முதல் வாளி மனுஷருக்கு இல்லை. உடைந்த பைபர் வள்ளத்தின் ஒரு துண்டைத் தொட்டி மாதிரிப் படலைக்கு வெளியே வைத்திருந்தார். முதல் வாளி அதற்குள் போகும். எங்கள் தெருக் கழுதைகள் வந்து குடிக்கும். அதில் ஒரு காது கிழிந்த கிழட்டுக் கழுதைக்கு நான் கவர்னர் என்று பெயர் வைத்திருந்தேன். எந்த ஊரையும் ஆளாமல் எல்லா ஊரிலும் சாப்பிடுகிற அந்தஸ்து அவருக்கு இருந்தது. அவர் குடித்த பிறகுதான் ஊர் குடிக்கும். ஏன் அக்கா கழுதைக்கு முதலில் என்று நான் கேட்டிருக்கிறேன். "அதுக்கு வாளி பிடிக்க ஏலாதே" என்றார். 

இனி அந்தப் பெரிய வரட்சி வருஷத்துக்கு வருவோம். அப்படி ஒரு வெயிலை உலகம் கண்டதில்லை. களப்பு மீன்கள் நிழல் தேடிக் கரையேறின. உப்பளக்காரர் பாத்தி கட்டவில்லை, வேலையாட்களின் சட்டையை உதறி உப்பு எடுத்தார்கள். அந்த வருஷம் பார்த்துத்தான் எங்கள் கோயில் திருநாளுக்கு என்னைத் தண்ணீர் பொறுப்பாளனாகத் தெரிவு செய்தார்கள். நான் அதை நீர்வள அமைச்சர் பதவி என்றே எடுத்துக்கொண்டேன். சட்டைப் பையில் பேனை குத்திக்கொண்டு திரிந்தேன்.

கூட்டத்தில் மதலேனக்கா ஒரு யோசனை சொன்னார். கொடியேற்றின நாளிலிருந்து ஒவ்வொரு வீடும் தினமும் இரண்டு வாளி அள்ளி வந்து கோயில் தாங்கியில் ஊற்றினால், திருநாள் சமையலுக்குத் தண்ணீர் தானாகச் சேரும், கிணறும் நோகாது என்றார். நான் எழுந்து நின்று, இந்தக் காலத்தில் வாளியா, நான் பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவருகிறேன், தாங்கி பொங்கி வழியும், யாத்திரை வருகிற சனம் அதில் நீந்தலாம் என்று முழங்கினேன். சனம் கைதட்டியது. அக்கா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "நல்லது தம்பி" என்றார்.

திருநாளுக்கு இரண்டு நாள் முந்தி, வெள்ளிக்கிழமை காலை, பவுசர்க்காரர் கைவிரித்துவிட்டார். ஊரெல்லாம் வரட்சி, அவர்தான் என்ன செய்வார். போய்க் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு நாள் இருந்தது, ஐம்பது வீடு இருந்தது, வாளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு அமைச்சர் போய்த் தோற்றுவிட்டேன் என்று சொல்வதா? வயிற்றுவலி என்று சொல்லி நவநாள் பூசைக்குப் போகாமல் நின்றேன். ஊர் முழுக்கக் கோயிலுக்குள். அக்காதான் முன்வரிசையில் செபமாலை சொல்லிக் கொடுப்பவர். நான் ஒரு வெங்காயத் தோட்டத்தில் இரவல் வாங்கின, தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மெஷினைக் கொண்டுவந்து, கயிற்றையும் வாளியையும் எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, கிணற்றுக்குள் குழாயை இறக்கினேன். கோயில் ஒலிபெருக்கி நுரைச்சோலை வரைக்கும் கேட்கிற ஒலிபெருக்கி. மெஷின் சத்தம் அதில் கொசு.

கொஞ்ச நேரம்தான் ஓடவிட நினைத்தேன். அன்றைக்குப் பார்த்துச் சுவாமியின் பிரசங்கம் நீண்டுவிட்டது. விசுவாசத்தைப் பற்றி. அந்தப் பிரசங்கம் பாதியாக இருந்திருந்தால் கிணறு தப்பியிருக்கும் என்று நான் பலநாள் சுவாமிமேல் பழிபோட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. தாங்கி நிறைந்தது. நான் மெஷினைத் தூக்கிப்போய்க் கொடுத்துவிட்டு வந்து, கயிற்றைச் சுருட்டி வாளிக்குள் வைத்துவிட்டு, தாங்கிக் குழாயைத் திறந்து ஒரு கை ஏந்திக் குடித்தேன். கடல். பளிங்கு மாதிரித் தெளிவான, சுத்தமான கடல்.

தாங்கியைத் திறந்துவிட்டேன். அவ்வளவு தண்ணீரையும் மணல் ஒரு மூச்சில் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது மாதிரி இருந்தது. பூசை முடிந்து வந்தவர்களிடம் பவுசர் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அக்கா உடனே, அதற்கென்ன, அள்ளுவம் என்று கிணற்றடிக்குப் போனார். வெயில் ஏறிவிட்டதால் முதலில் தொட்டிக்கு ஒரு வாளி. கவர்னர் வந்தார். முகர்ந்தார். தலையை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நீதிமன்றப் படி ஏறியதில்லை. ஆனால் அன்றைக்குத் தீர்ப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். குடிக்காமல் திரும்பி நடந்தார்.

அக்கா வாளித் தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்தார்.  கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து கயிற்றை வட்டமாகச் சுற்றி வைத்தார். பிறகு எழுந்து வீட்டுக்குள் போய், தனக்கென்று அள்ளி வைத்திருந்த மூன்று பிளாஸ்டிக் பீப்பாவையும் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு படலைக்கு வந்தார். றெஜினா குறுக்கே நின்று, எங்களுக்கு அம்மா, என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. அப்போது அவள் கைப்பிள்ளைக்காரி. "உனக்கும் இதிலதான்" என்றார் அக்கா. "வரிசையில வா."

யாத்திரைச் சனம் அன்று பின்னேரமே வரத் தொடங்கிவிட்டது. அக்கா படலையில் ஒரு பலகை வாங்கில் இருந்துகொண்டு, ஒரு சில்வர் குவளையால் மொண்டு மொண்டு கொடுத்தார். சின்னக் குவளை அல்ல, அரைக் குவளையும் அல்ல. விளிம்பு வரைக்கும்.  பக்கத்தில் போய், அக்கா, பாதி பாதியாகக் கொடுத்தால் நாளைக்கும் வரும், இப்படியே போனால் முடிந்துபோகும், என்றேன்.

"முடிஞ்சால் முடிஞ்சதெண்டு சொல்லுவம்" என்றார். "முடியமுன்னம் ஏன் தம்பி சொல்லவேணும்?"

இந்த வசனத்தை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், நானே யோசித்துச் சொன்னது மாதிரி. இப்போது உரியவரிடம் திருப்பிக் கொடுக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்றாவது பீப்பாவும் சாய்க்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. அந்நேரம் திருநாள் சமையலுக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டு கனமூலை ஊரிலிருந்து றஹீம் நானா லொறியில் வந்தார். வருஷாவருஷம் அவர்தான் தேங்காய் தருபவர். வந்தால் நேரே அக்காவின் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி முகம் கழுவி, ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் இறக்குவார். அன்றைக்கும் போனார். வாயில் வைத்தவர் துப்பிவிட்டு வந்தார். அக்கா பீப்பாவைச் சாய்த்துப் பிடித்து, ஒரு குவளை விளிம்பு வரைக்கும் மொண்டு நீட்டினார். நானா பீப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். அடி தெரிந்தது. குடித்தார். தேங்காயை இறக்கினார். லொறியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பொழுது சாய முன் ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் தண்ணீர் பவுசர். பக்கத்தில் றஹீம் நானா. கோயில் தாங்கியில் ஊற்றிவிட்டுப் போய் இன்னொருமுறை வந்தார், பிறகும் ஒருமுறை. மூன்றாம் முறை இறங்கிவந்து அக்காவுக்கு முன்னால் நின்றார். அவர்கள் முறையில் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"ராத்தா, மன்னாரில இருந்து எங்களத் துரத்தின வருஷம், உங்கட படலைக்குப் பின்னாலதான் கிடுகுக் கொட்டில் போட்டிருந்த. எங்கட உம்மா மௌத்தாகிற வரைக்கும் உங்கட தண்ணியத்தான் சொல்லிக்கொண்டிருந்தா. உம்மாவ ஞாபகமிருக்கா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், ஓமோம், தங்கமான மனுஷியல்லவா என்று சொல்லியிருப்பார்கள். நானாக இருந்தால் அந்த உம்மாவோடு பள்ளிக்கூடம் போனதாகவே சொல்லியிருப்பேன். மதலேனக்கா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு வெட்கத்தோடு சொன்னார்: "இல்லைத் தம்பி. கனபேர் வந்தாங்க. உங்கட உம்மா எப்படி இருப்பா?"

 நானா வாங்கில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, தன் தாய் எப்படி இருப்பார் என்று சொல்லத் தொடங்கினார். வெற்றிலை போடுவதைச் சொன்னார், நடையைச் சொன்னார், தலையில் குடம் வைத்தால் கைவிட்டு நடப்பதைச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே குவளையை நிரப்பிக்கொண்டிருந்தார். அந்தத் திருநாளுக்குச் சோறு வெந்தது, பருப்பு வெந்தது, யாத்திரை வந்த ஒருவரும் தாகத்தோடு போகவில்லை. நான் மட்டும் ஒரு வாய் குடிக்கவில்லை. 

இதோடு கதை முடிந்திருந்தால் நான் வெறும் பகிடிக்காரனாகவே செத்திருப்பேன். திருநாள் முடிந்தது, கிணறு உப்பாகவே கிடந்தது. ஊர் வாய் திறந்தது. கண்டவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்தால் கிணறு என்னத்துக்கு ஆகும் என்றார்கள். அளவில்லாமல் குடுத்தால் ஆண்டவரும் கையை இழுத்துக்கொள்வார் என்றுகூட ஒருவர் சொன்னார். அதைவிட மோசம், திருநாளுக்குக் காணாவிட்டாலும் நல்ல தண்ணீர் ஊறுகிற சின்னக் கிணறு வைத்திருந்த மற்ற நாலு வீட்டுக்காரரும் படலைக்குப் பூட்டுப் போட்டார்கள். கேட்டால் ஒரே பதில்: மதலேனாவுக்கு நடந்ததைப் பார்க்கவில்லையா? இப்படியாக, நான் ஒரு மெஷினால் செய்த வேலைக்கு, அந்த மனுஷி ஆயுள் முழுக்க வாளியால் செய்த வேலை குற்றவாளியாகிவிட்டது. நான் கோயில் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினேன். ஓம், பாவம், என்றும் சொன்னேன்.

அக்கா என்ன செய்தார்? தினமும் தலையில் குடம் வைத்து, எங்கேயோ நடந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பூட்டின படலைகளைத் தாண்டித்தான் நடந்தார், ஒன்றையும் தட்டவில்லை, ஒன்றையும் சபிக்கவில்லை. ஆனால் விடிந்ததும் தன் கிணற்றிலிருந்து ஒரு வாளி அள்ளித் தொட்டியில் ஊற்றுவதை விடவில்லை. கவர்னர் வருவார், முகர்வார், போவார். மூன்று மாதம், ஒருநாள் தவறாமல். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். உலகத்தில் எந்தப் பரீட்சை முடிவுக்கும் ஒரு மனுஷன் அப்படி ஒரு கழுதையின் வாயைப் பார்த்திருக்கமாட்டான்.

மாரி மழை வந்தது. வந்தது என்றால், வானம் மூன்று மாதக் கடனை ஒரே கிழமையில் தீர்த்த மாதிரி. மழை விட்ட ஒரு காலை, அக்கா வாளியை ஊற்றினார். கவர்னர் முகர்ந்தார். காதை ஆட்டினார். குடித்தார். தொட்டி காலியாகும் வரைக்கும் குடித்தார். நான் வேலியோடு சாய்ந்தேன். வேலி என்னைத் தாங்கவில்லை, நான் வேலியோடு அவர் வளவுக்குள் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே சொன்னேன், அக்கா, அது நான்தான், மோட்டர் வைத்தது நான்தான், என்று.

"தெரியும்" என்றார். அடுத்த வாளியை இறக்கிக்கொண்டிருந்தார்.

எப்போதிருந்து என்று கேட்டேன். அன்றைக்கே, என்றார். எப்படி?

"நான் கயிறை வட்டமாய்ச் சுத்தி வைக்கிறனான். அண்டைக்கு எட்டுப்போலச் சுருட்டி நடுவில முடிச்சுப் போட்டிருந்தது. இந்த ஊரில வள்ளக் கயிறுக்கு அப்படி முடிச்சுப் போடுறவன் நீ ஒருத்தன்தானே."

கடற்காரன் எந்தப் பாவத்தையும் மறைக்கலாம், கயிறு சுருட்டுகிற கையை மறைக்க முடியாது. மெஷினை ஒளித்தேன், தாங்கியைக் காலியாக்கினேன், கிணற்றுக் கட்டில் சிந்தின மண்ணெண்ணெயை மணல் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் கயிற்றை ஒழுங்காகச் சுருட்டிவைத்து மாட்டிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை.

ஊர் உங்களைப் பேசுகிறதே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ களவெடுக்கவா எடுத்தனீ? சனத்துக்குக் குடுக்கத்தானே எடுத்தனீ. அவசரப்பட்டுட்டாய், அவ்வளவுதான்." வாளி மேலே வந்தது. எனக்கு நீட்டினார். "ஊருக்கு நீ சொல்லுற அண்டைக்குச் சொல்லு. எனக்கு அவசரமில்லை."

அன்றைக்கு நான் குடித்த தண்ணீரின் ருசியை எழுத எனக்குத் தெரியாது. இதில் மட்டும் மிகைப்படுத்த முடியவில்லை.

அவருக்கு அவசரமில்லை என்பதை நான் துஷ்பிரயோகம் செய்தேன். வருஷங்கள் போயின. அவர் கிணற்றில் திரும்பவும் சனம் அள்ளியது. மற்றப் படலைகளில் பூட்டு துருப்பிடித்ததே ஒழியத் திறக்கவில்லை. சந்திக்கும்போதெல்லாம் சொல்ல நினைப்பேன். ஒவ்வொரு திருநாளுக்கும் அடுத்த திருநாள் என்று தள்ளுவேன். அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பாதிச் சவரத்தோடு செத்த வீட்டுக்குள் நுழைந்தேன். பெட்டிக்குள் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கிற மாதிரித்தான் இருந்தது, என் வலது கன்னத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஒப்பாரிக்கு நடுவே றெஜினாவைக் குசினிப் பக்கம் கூப்பிட்டேன். பிள்ளை, அம்மாவைப் பற்றி ஊர் சொன்னது பொய், கிணற்றை உப்பாக்கினது அம்மா குடுத்த தண்ணீர் இல்லை, நான் வைத்த மெஷின், என்று ஒரே மூச்சில் சொன்னேன்.  அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு கயிற்றைக் கொண்டுவந்தாள். கிணற்றுக் கயிறு. வட்டமாகச் சுற்றியிருந்தது.

"அம்மா போன மாசம் சொல்லி வச்சவ" என்றாள். "சூசை வந்து ஒரு விசயம் சொல்லுவான், சொன்னால் இந்தக் கயிறைக் குடு எண்டா."

சொல்லாவிட்டால்?

"அதையும் கேட்டனான் மாமா. சொல்லாட்டியும் குடு எண்டா."

அழுதேன். பிறகு சிரித்தேன். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தேன். வருஷக்கணக்காக நெஞ்சில் கிடந்த ஒரு கல் உருண்டு போனது. செத்த வீட்டில் இவ்வளவு நிம்மதியாக நின்ற மனுஷன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆகவே, ஊர்ச் சனங்களே, இது நினைவு மடலும்தான், பாவசங்கீர்த்தனமும்தான். கொடுத்ததால் அந்தக் கிணறு கெடவில்லை. கொடுத்துக்கொண்டே இருந்ததால்தான் அது அத்தனை வருஷம் இனித்தது. கெடுத்தது நான். தண்டனை தர விரும்புகிறவர்கள் வரிசையில் வாருங்கள். வரும்போது பூட்டுப் போட்ட நாலு படலைக்காரரும் திறப்பையும் கொண்டுவந்தால் நல்லது. துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் நான் கொண்டுவருகிறேன், மண்ணெண்ணெய் அல்ல.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கயிறு. றெஜினா சம்மதித்திருக்கிறாள். இந்த முப்பத்தொரு நாளும் விடியக்காலையில் அவர்கள் வளவுக்குப் போய் முதல் வாளியை நான்தான் அள்ளுகிறேன். கவர்னர் காலமாகிவிட்டார். இப்போது அவருடைய மகள் வருகிறாள், அதே நடை, காது மட்டும் கிழியவில்லை. தொட்டியில் ஊற்றிவிட்டு நான் தள்ளி நிற்கிறேன். அவள் முகர்கிறாள். குடிக்கிறாள். நான் கயிற்றைச் சுற்றி வைக்கிறேன், வட்டமாக. கை இன்னும் எட்டுப்போடத்தான் பார்க்கிறது. அவிழ்த்துத் திரும்பச் சுற்றுகிறேன். எனக்கும் இப்போது அவசரமில்லை.